கல்லும் பட்டிழையும்: சுவிட்சர்லாந்தின் முதல் அஞ்சல்தலைகளைத் தேடி ஒரு பயணம்

திங்கள், சூரிச்

1843ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் சூரிச் மாநில அஞ்சல் நிர்வாகம் இரண்டு அஞ்சல்தலைகளை விற்பனைக்கு வைத்தது. ஒன்றில் 4 என்னும் பெரிய எண், மற்றொன்றில் 6. நகருக்குள் செல்லும் கடிதத்துக்கு 4 ராப்பன், மாநிலத்துக்குள் வேறு ஊருக்குச் செல்லும் கடிதத்துக்கு 6 ராப்பன் என்பது கட்டணம். ராப்பன் என்பது சுவிஸ் சில்லறைக் காசு. உலகின் முதல் அஞ்சல்தலையான, விக்டோரியா அரசியின் முகம் பதித்த கருப்புப் பென்னித் தலை லண்டனில் வெளிவந்து மூன்று ஆண்டுகள்கூட நிறையாத காலம் அது. பிரேசிலின் முதல் தலைகள் அதே ஆண்டு ஆகஸ்டில்தான் வந்தன. ஆகவே ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் அஞ்சல்தலைகள் என்னும் சிறப்பு சூரிச்சுக்கே உரியது. இதைச் செய்தது ஒரு மாநிலம் என்பதை இந்தப் பயணம் முழுவதும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அன்றைய சுவிட்சர்லாந்து, தனித்தனி அஞ்சல் ஏற்பாடும் தனித்தனி நாணயமும் வைத்திருந்த மாநிலங்களின் கூட்டாகவே இருந்தது.

இந்தத் தலைகள் பிறந்த ஊர்களுக்கே போய், ஒவ்வொன்றையும் எப்படி இனங்காண்பது என்று அங்குள்ள விற்பனையாளர்களிடமும் சேகரிப்பாளர்களிடமும் அருகிலிருந்து தெரிந்துகொள்வதே என் நோக்கம். தொடக்ககாலச் சுவிஸ் தலைகளில் படத்தை மட்டும் பார்த்து வகையைச் சொல்ல முடிவதில்லை. காகிதம், மை, கல், இழை, முத்திரை ஆகியவற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்தக் காரணத்தால்தான் பல ஆண்டுகளாக என் மனம் இவற்றையே சுற்றிவருகிறது.

லிம்மாத் ஆற்றின் கரையை ஒட்டிய பழைய நகரத்தில், ஒரு குறுகிய தெருவில் இருக்கும் அஞ்சல்தலைக் கடைக்குக் காலையில் சென்றேன். முன்பே எழுதிக் கேட்டிருந்ததால் கடைக்காரர் சில தலைகளை எடுத்து வைத்திருந்தார். 4 ராப்பன் தலை பெருஞ்செல்வர்களுக்கு உரியது. 6 ராப்பன் தலை அதைவிடப் பன்மடங்கு மிகுதியாகக் கிடைப்பதால் விலையும் குறைவு. நான் நெடுநேரம் பார்த்தது அந்த 6 ராப்பனைத்தான்.

முதலில் கண்ணில் படுவது கருப்பு மையால் ஆன எண்ணும் அதன் பின்னால் பின்னிக் கிடக்கும் நுண்கோட்டு வேலையும். உருப்பெருக்கியை வைத்து, தலையைச் சற்றுச் சாய்த்தால் கருப்புக்கு அடியில் மெல்லிய செந்நிறக் கோடுகள் ஓடுவது தெரியும். போலியைத் தடுப்பதற்காகக் காகிதம் முழுவதும் முதலில் இந்தக் கோடுகளை அச்சிட்டு, அதன்மேல் கருப்பு உருவை அச்சிட்டார்கள். 1843இல் வந்த முதல் அச்சில் கோடுகள் நெடுக்காக ஓடுகின்றன. 1846 முதல் வந்த அச்சில் கிடையாக ஓடுகின்றன. ஒரு தலையின் காலத்தைப் பிரிக்கும் முதல் அடையாளம் இதுவே. ஆனால் சிவப்பு மை வெயிலுக்கும் நீருக்கும் இளகி மங்கிவிடக்கூடியது. கோடே இல்லாததுபோல் தோன்றும் தலையைப் பார்த்தவுடன் போலி என்று ஒதுக்குவதும், கோடு பளிச்சென்று தெரியும் தலையைப் பார்த்தவுடன் அசல் என்று நம்புவதும் ஒரே அளவு ஆபத்தானவை என்று கடைக்காரர் அழுத்திச் சொன்னார்.

அச்சிட்டது சூரிச்சின் ஓரெல் ஃபுஸ்லி நிறுவனம். பதினாறாம் நூற்றாண்டில் இந்நகரில் ஃப்ரோஷௌவர் நடத்திய அச்சகத்தின் வழிவந்தது அது. முறை, கல்லில் உருவை இட்டு அதிலிருந்து அச்செடுக்கும் கல்லச்சு. ஐந்து உருக்களை அருகருகே வரைந்து, அந்த ஐந்தையும் திரும்பத் திரும்பக் கல்லுக்கு மாற்றி நூறு தலைகள் கொண்ட தாளை உருவாக்கினார்கள். கையால் வரைந்தவை என்பதால் ஐந்தும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பின்னணிக் கட்டங்களின் விளிம்பிலும் எழுத்துகளின் இடைவெளியிலும் வேறுபாடு உண்டு. சேகரிப்பாளர்கள் இவற்றை ஒன்றாம் வகை முதல் ஐந்தாம் வகை வரை என்று எண்ணுகிறார்கள். ஐந்தும் கிடைவரிசையில் அடுத்தடுத்து வருவதால், பிரிக்கப்படாத ஓர் இணையின் இடப்பக்கத் தலை இரண்டாம் வகை என்றால் வலப்பக்கத் தலை மூன்றாம் வகையாக இருந்தே தீர வேண்டும். அப்படி இல்லையென்றால் யாரோ இரு தனித் தலைகளை ஒட்டி இணையாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். இந்த ஒரு சோதனையே பல ஏமாற்றுகளை வெளிக்கொணரப் போதுமானது.

தலைமேல் ரோஜாப்பூ வடிவிலான ஒரு முத்திரை குத்தப்பட்டிருந்தது. சூரிச் நகர அஞ்சலகம் பயன்படுத்திய முத்திரை அது; சிவப்பிலும் கருப்பிலும் காணப்படுகிறது. முத்திரையின் மை தலையின் மையோடு எப்படிக் கலந்திருக்கிறது, தலையின் விளிம்பைத் தாண்டிக் கடிதத் தாளிலும் தொடர்கிறதா என்று பார்ப்பது அடுத்த படி. கடிதத்திலிருந்து கழுவி எடுத்த தலையில் இந்தச் சான்று பாதி போய்விடுகிறது.

செவ்வாய், வின்டர்தூர்

சூரிச்சிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆவதில்லை. தொழில் நகரம், அஞ்சல்தலை வரலாற்றில் இதன் பெயர் ஒரே ஒரு தலையால் நிற்கிறது.

1848 செப்டம்பர் 12ஆம் நாள் சுவிட்சர்லாந்து புதிய கூட்டாட்சி அரசியலமைப்பை ஏற்றது. 1849 ஜனவரி 1 முதல் அஞ்சல் கூட்டாட்சியின் கைக்கு வந்தது. ஆனால் கூட்டாட்சிக்கென்று தலைகள் அப்போது ஆயத்தமாக இல்லை. அந்த இடைவெளியில் சில அஞ்சல் வட்டங்கள் தமக்கு வேண்டியதைத் தாமே அச்சிட்டுக்கொண்டன. 1850 மார்ச்சில் வெளிவந்த 2½ ராப்பன் தலையைச் சேகரிப்பாளர்கள் வின்டர்தூர் தலை என்று அழைக்கிறார்கள்; வெளியிட்டது சூரிச் அஞ்சல் வட்டம். கருப்பும் சிவப்பும் கொண்ட அத்தலையில் கூட்டாட்சியின் சிலுவையும் அஞ்சல் ஊதுகொம்பும் ஒன்றாகக் காணப்படுகின்றன. சில மாதங்களே பயன்பாட்டில் இருந்ததால் அரிய தலை. மாநிலச் சின்னம் மறைந்து நாட்டின் சின்னம் தலையில் ஏறிய அந்தத் திருப்பத்தை அறிந்துகொள்ள இதைவிட நல்ல சான்று வேறில்லை என்பது என் கருத்து.

ஊரில் இன்று அத்தலையை நினைவூட்டும் எதையும் நான் தேடவில்லை. பழைய நகரத்தில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மாலை ரயிலில் பாசெலுக்குப் புறப்பட்டேன்.

புதன், பாசெல்

பாசெல் நகரத்தின் மேற்கே ஷ்பாலென்டோர் என்னும் பழைய கோட்டை வாயில் நிற்கிறது. அதன் அருகில் இருக்கும் அஞ்சல் பெட்டியைப் பார்க்கவே முதலில் சென்றேன். அலகில் கடிதத்தைக் கவ்விப் பறக்கும் வெண்புறா அதன்மேல் புடைத்து நிற்கிறது. வடிவமைத்தவர் பாசெலின் கட்டடக் கலைஞர் மெல்கியோர் பெர்ரி. அவரே 1845 ஜூலை 1ஆம் நாள் வெளிவந்த பாசெல் தலையையும் வடிவமைத்தார். அகுஸ்தினர் தெருவில் நிற்கும் அருங்காட்சியகக் கட்டடமும் அவருடையதே. நகரத்தின் பெரிய கட்டடம் ஒன்றையும் விரல் நுனி அளவேயான தலையையும் ஒரே மனிதர் ஆக்கியது என்னை நெகிழச் செய்கிறது.

பாசெல் புறா என்று உலகம் அறிந்த இந்தத் தலையின் மதிப்பு 2½ ராப்பன். 1833இல் நகரமும் நாட்டுப்புறமும் இரு அரை மாநிலங்களாகப் பிரிந்துவிட்ட பின் நகர அரசுக்கு எஞ்சிய நிலப்பரப்பு சிறியது. தலையிலும் நகர அஞ்சல் என்றே பொறித்திருக்கிறார்கள். கருப்பு, கருஞ்சிவப்பு, வெளிர்நீலம் ஆகிய மூன்று நிறங்களும், நிறமின்றிக் காகிதமே மேலெழும்பி நிற்கும் புறாவும் சேர்ந்ததே இதன் அழகு. உலகில் மூன்று நிறத்தில் அச்சான முதல் அஞ்சல்தலை இது. அச்சு பாசெலில் நடக்கவில்லை. ஃபிராங்க்ஃபர்ட்டில் கிரெப்ஸ் அச்சகத்தில் நடந்தது. கூட்டாட்சியின் தலைகள் வந்த பிறகும் இது உடனே செல்லாமற் போகவில்லை. 1854 செப்டம்பர் இறுதி வரை ஏற்கப்பட்டது.

இனங்காணும் வழியைப் பொறுத்தவரை விரலை விடக் கண்ணும், கண்ணை விடச் சாய்ந்த ஒளியும் நல்ல துணை. தலையைத் தட்டையாக வைத்து, மேலிருந்து ஒளி விழாமல் பக்கவாட்டில் விழும்படி விளக்கைத் தாழ்த்த வேண்டும். அசல் தலையில் புறாவின் சிறகுகளும் மார்பும் படிப்படியாக உயர்ந்து, நிழல் மென்மையாக விழும். போலிகளில் புடைப்பு தட்டையாகவோ, விளிம்பில் மட்டும் வெட்டியதுபோலவோ இருக்கும். சிலவற்றில் நிழலை மையாலேயே வரைந்திருப்பார்கள். ஆனால் அசல் தலையும் நெடுங்காலம் கனமான ஆல்பத்தில் அழுந்திக் கிடந்தால் புடைப்பு தணிந்துபோகும் என்பதை மறக்கக்கூடாது. அப்போது நிறங்கள்தான் கைகொடுக்கும்: மூன்று நிறங்களையும் தனித்தனியே அச்சிட்டதால் அவற்றின் விளிம்புகள் ஒன்றோடொன்று எங்கே பொருந்துகின்றன, எங்கே மயிரிழை விலகுகின்றன என்பது பலவற்றைச் சொல்லும்.

பிற்பகலில் சாங்க்ட் ஆல்பன் பகுதியில் உள்ள காகித ஆலை அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். ரைன் ஆற்றின் கரையோரம் கால்வாய் நீரால் சுழலும் சக்கரம், கூழைச் சல்லடையில் அள்ளித் தாளாக்கும் தொட்டி, எழுத்து வார்ப்பதும் அச்சடிப்பதும் நூல் கட்டுவதும் என்று எல்லாம் கண்முன் நடக்கின்றன. அஞ்சல்தலை சேகரிப்பவர் எவரும் அங்கே ஒரு தாளையாவது தம் கையால் எடுத்துப் பார்க்க வேண்டும். காகிதத்தின் தடிப்பு, நார் கிடக்கும் திசை, ஒளிக்கு எதிரே பிடித்தால் தெரியும் மேகத்திட்டு ஆகியவற்றைச் சொற்களால் கற்பது கடினம். பழுதுபார்த்த தலைகளில் உட்புறம் மெலிந்த இடத்தைப் பூசி நிரப்பியிருப்பதையும், குறைந்த ஓரத்தை வேறு காகிதத்தால் ஒட்டிச் சேர்த்திருப்பதையும் கண்டுபிடிக்க இந்தக் கைப்பழக்கமே உதவும்.

வியாழன், பெர்ன்

பெர்னில் ஹெல்வெடியா சதுக்கத்தின் அருகே தகவல் தொடர்பு அருங்காட்சியகம் இருக்கிறது. உலகின் பெரிய அஞ்சல்தலைத் தொகுப்புகளுள் ஒன்று அதன் பொறுப்பில் உள்ளது. 1874 அக்டோபர் 9ஆம் நாள் 22 நாடுகள் கூடி உலக அஞ்சல் ஒன்றியத்துக்கு அடித்தளமிட்டதும் இதே நகரத்தில்தான். காலையில் அருங்காட்சியகத்தைப் பார்த்தேன். ஆயினும் இந்நாளின் சாரம் மாலையில் லெங்காஸே பகுதியில் ஒரு மூத்த சேகரிப்பாளரின் மேசையில் கிடைத்தது. அவரைப் பெயர் சொல்லாமல் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன். ஓய்வு பெற்ற அளவைப் பணியாளர். ரேயோன் தலைகளை மட்டுமே ஐம்பது ஆண்டுகளாகச் சேர்த்துவருபவர்.

ரேயோன் தலைகளைப் புரிந்துகொள்ள அன்றைய கட்டண முறையை அறிய வேண்டும். கூட்டாட்சி அஞ்சல் நாட்டைத் தொலைவு வளையங்களாகப் பிரித்தது. ரேயோன் என்பது அந்த வளையத்தின் பெயர்; தலையில் அதன் எண்ணும் சேர்ந்து வரும். தொலைவை நடைமணியால் அளந்தார்கள். ஒரு நடைமணி என்பது 4.8 கிலோமீட்டர். பத்து நடைமணி வரை முதல் வளையம், அதற்கு மேல் இருபத்தைந்து வரை இரண்டாவது, அதற்கு அப்பால் மூன்றாவது. சுவிஸ் மண்ணுக்குள் முதல் ரயில் பாதை சூரிச்சுக்கும் பாடனுக்கும் இடையே 1847இல்தான் ஓடத் தொடங்கியது என்பதை எண்ணினால், நடையால் தொலைவை அளந்ததில் வியப்பில்லை.

1850இல் முதலில் வந்தவை உள்ளூர்க் கடிதங்களுக்கான 2½ ராப்பன் தலைகள். ஜெர்மன் பேசும் பகுதிக்கு அம்மொழியிலும் பிரெஞ்சு பேசும் பகுதிக்கு அம்மொழியிலும் உள்ளூர் அஞ்சல் என்று பொறித்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் நீலப் பின்னணியில் 5 ராப்பன் ரேயோன் ஒன்றும், மஞ்சள் பின்னணியில் 10 ராப்பன் ரேயோன் இரண்டும் வந்தன. 1851இல் கருப்பு மையைக் கைவிட்டு, வெள்ளைக் காகிதத்தில் வெளிர்நீலமும் சிவப்பும் மட்டும் கொண்ட ரேயோன் ஒன்று வந்தது. 1852இல் வந்த ரேயோன் மூன்று முழுவதும் சிவப்பு, மதிப்பு 15. ஃபிராங்கை அடிப்படையாகக் கொண்ட புதிய நாணயம் நடைமுறைக்கு வந்த ஆண்டு அது. ரேயோன் மூன்றில் ராப்பன் என்று பொறித்த தலைகளும் அதன் பிரெஞ்சுப் பெயரான சென்டிம் என்று பொறித்த தலைகளும் இருப்பது அதன் தடமே. எல்லாவற்றிலும் பொதுவானவை சிவப்புக் கேடயத்தில் வெள்ளைச் சிலுவையும், அதன்மேல் ஊதுகொம்பும்.

பெரியவர் முதலில் கேட்டது, சிலுவையைச் சுற்றிக் கருங்கோடு இருக்கிறதா என்பதை. உள்ளூர்த் தலைகளிலும் கருநீல ரேயோன் ஒன்றிலும் சிலுவைக்கு விளிம்புக்கோடு உள்ளவை, இல்லாதவை என இரண்டும் உண்டு. உள்ளூர்த் தலைகளில் கோடு இல்லாதவை அரியவை. அதனால் இருக்கும் கோட்டைச் சுரண்டி இல்லாததாக்கும் வேலையும் பழைய காலம் தொட்டு நடந்துவருகிறது. சிலுவையின் வெள்ளைப் பரப்பைச் சாய்ந்த ஒளியில் பார்த்தால் சுரண்டிய இடத்தில் காகித நார் எழும்பி நிற்கும்.

அதன்பிறகு அவர் ஆல்பத்தைத் திறந்தார். இந்தத் தலைகளை அச்சிட்டவர் பெர்னின் கல்லச்சுக் கலைஞர் கார்ல் டூர்ஹைம். 1810இல் பிறந்து 1890இல் மறைந்த அவர் சுவிட்சர்லாந்தின் தொடக்ககாலப் புகைப்படக்காரர்களுள் ஒருவருமாவார். 1852, 1853 ஆண்டுகளில் எந்த ஊரிலும் குடியுரிமை இல்லாமல் அலைந்தவர்களைக் கூட்டாட்சி வழக்குரைஞருக்காகப் புகைப்படம் எடுத்தவரும் அவரே. காவல் பணிக்காக எடுக்கப்பட்ட உலகின் முற்காலப் படங்களுள் அவை எண்ணப்படுகின்றன. புதிய நாடு தன் கடிதங்களுக்குச் சின்னம் தந்தபோதும், தன் மக்களுக்கு ஊரும் பெயரும் தந்து பதிந்தபோதும் நாடியது ஒரே மனிதரின் கைத்திறனை. இதை எழுதும்போதும் அந்தப் படங்களில் உள்ள முகங்கள் கண்ணைவிட்டு அகலவில்லை.

டூர்ஹைமின் முறை இது. சுண்ணாம்புக் கல்லின் வழவழப்பான பரப்பில் நாற்பது உருக்களை எட்டு வரிசையில் ஐந்தைந்தாக வரைந்தார்கள். கையால் ஆனதால் நாற்பதும் நாற்பது விதம். இந்த மூலக்கல்லிலிருந்து மாற்றுத்தாளில் படியெடுத்து, அச்சுக்கல்லின் மீது நான்கு முறை பதித்தார்கள். ஆகவே ஒரு தாளில் 160 தலைகள். நாற்பது வகைகளும் நான்கு முறை வரும். பதிக்கும்போது மாற்றுத்தாள் மடிந்தாலும், மை ஓரிடத்தில் ஒட்டாமற்போனாலும், தூசி விழுந்தாலும் அந்த வடு அந்தக் கல்லின் அந்த இடத்தில் மட்டும் நிலைக்கும். கல் தேய்ந்ததும் மூலத்திலிருந்து புதிய படியெடுத்து வேறு கல்லை ஆயத்தம் செய்தார்கள். அதில் வடுக்கள் வேறு.

எனவே ஒரு ரேயோன் தலையை முழுமையாக இனங்காண்பது மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவதாகும். நாற்பதில் எந்த வகை என்பது முதற்கேள்வி. ஊதுகொம்பின் கயிறு, இலைச் சுருள்களின் முனை, எழுத்துகள் சட்டத்தைத் தொடும் விதம் ஆகியவை அதைச் சொல்லும். எந்தக் கல் என்பது இரண்டாவது. கற்களை எழுத்தும் எண்ணும் இட்டு அழைக்கிறார்கள். அக்கல்லின் நான்கு தொகுதிகளில் எது என்பது மூன்றாவது. மேல் இடம், மேல் வலம், கீழ் இடம், கீழ் வலம் என்று ஒன்றைக் குறிக்க வேண்டும். மூன்றுக்கும் விடை கிடைத்தால், நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் ஓர் அஞ்சலகத்தில் கத்தரித்து எடுக்கப்பட்ட துண்டு தன் தாளில் சரியாக எந்த இடத்தில் இருந்தது என்று தெரிந்துவிடும். 

பெரியவர் ஒரு வெளிர்நீலத் தலையை என்முன் வைத்து, நானே வகையைச் சொல்லும்படி விட்டுவிட்டு எழுந்து காப்பி போடச் சென்றார். நாற்பது உருக்களின் பெரிதாக்கிய படங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். தவறான பொருத்தங்களை ஒதுக்குவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. பொருந்தியதும் ஐயமே எழுவதில்லை. அவர் திரும்பி வந்து, வகைக்கான விடையை ஏற்றுக்கொண்டு, கல்லைப் பற்றிய விடைக்கு மட்டும் இன்னொரு புள்ளியைக் காட்டினார். "வகையை வரைந்தவர் முடிவு செய்தார், கல்லை அச்சடித்தவர் முடிவு செய்தார். இருவரையும் தனித்தனியாகப் பாருங்கள்" என்றார்.

எளிய வருமானம் உள்ளவர்களுக்கு இந்தத் துறையில் நான் பரிந்துரைப்பது ரேயோன் இரண்டையே. மஞ்சள் தலைகளில் பரவலாகக் கிடைப்பவை நல்ல உணவகத்தில் ஒரு வேளை உண்ணும் செலவில் கிடைக்கின்றன. கற்கக் கிடைப்பதோ 4 ராப்பன் சூரிச் தலைக்குச் சற்றும் குறைந்ததன்று.

வெள்ளி, பெர்ன்

இன்றும் பெரியவரின் மேசை. இன்றைய பாடம், சேகரிப்பாளர்கள் ஷ்ட்ரூபெல் என்று அழைக்கும், கிழித்தெடுக்க ஓரத்துளை இல்லாத அமர்ந்த ஹெல்வெடியா தலைகள். 1854இல் தொடங்கி 1862 வரை அச்சானவை. கேடயத்தில் கையூன்றி அமர்ந்த பெண்ணுருவாக நாட்டைக் காட்டிய இத்தலைகளில் கட்டணம் செலுத்தப்பட்டது என்ற குறிப்பும், மதிப்பு ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மும்மொழிகளிலும் உண்டு. நாட்டின் பெயர் இல்லை. பெயர் அடுத்த வரிசையில், 1862இல் துளையிட்ட தலைகள் வந்தபோதுதான் ஏறியது.

கல்லச்சைக் கைவிட்டு நிறமும் புடைப்பும் சேர்ந்த அச்சுக்கு மாறியதற்குக் காரணம் போலி பற்றிய அச்சம். வார்ப்புருவைச் செதுக்கியவர் மியூனிக்கின் வோய்க்ட். முதல் அச்சும் மியூனிக்கிலேயே நடந்தது. பிறகு பெர்னில் கூட்டாட்சி நாணயச் சாலையில் தொடர்ந்தது. 5 ராப்பன் பழுப்பு, 10 நீலம், 15 ரோஜா, 20 ஆரஞ்சு, 40 பச்சை, ஒரு ஃபிராங்க் சாம்பல் கலந்த ஊதா. 1862இல் 2 ராப்பன் சாம்பல். இந்த எளிய பட்டியலுக்குள் டஜன் கணக்கான உள்வகைகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரிக்கும் திறவுகோல் காகிதத்தில் இருக்கிறது.

கூழ் தாளாகும்போதே அதனுள் பட்டிழையைச் செலுத்தும் முறையை இங்கிலாந்தில் ஜான் டிக்கின்சன் உருவாக்கியிருந்தார். ஷ்ட்ரூபெல் தலை ஒவ்வொன்றின் உள்ளேயும் அத்தகைய இழை ஒன்று ஓடுகிறது. தலையைப் புரட்டி, முதுகில் கறுத்த காகிதம் எதுவும் ஒட்டியிராமல் பார்த்துக்கொண்டு, நல்ல பகல் வெளிச்சத்தில் இழையின் நிறத்தைக் காண வேண்டும். மியூனிக் அச்சில் இழை மரகதப் பச்சை, காகிதம் மெலிது, புடைப்பு கூர்மை. பெர்னுக்கு வந்த பின் தடித்த காகிதங்களும், மஞ்சள், கருப்பு, சிவப்பு, நீலம் என்று வெவ்வேறு நிற இழைகளும் வருகின்றன. 1857 வாக்கில் மறுபடியும் எல்லாவற்றுக்கும் பச்சை இழை. ஆகவே பச்சை இழை கண்டவுடன் மியூனிக் என்று முடிவு கட்டக்கூடாது. காகிதத்தின் தடிப்பையும் ஹெல்வெடியாவின் முகத்தையும் ஆடை மடிப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மியூனிக் தலையில் விரல்களைக்கூடப் பிரித்தறியலாம்; பெர்னின் பிற்காலத் தலைகளில் உருவம் மழுங்கியிருக்கும்.

இழையின் நிறத்தை விளக்கொளியில் தீர்மானிப்பது தவறு என்று பெரியவர் கருதுகிறார். சன்னலோரத்துக்குப் போகாமல் ஒரு தலையைக்கூட வகைப்படுத்துவதில்லை. பழுப்பும் கருப்பும், நீலமும் பச்சையும் மஞ்சள் விளக்கில் ஒன்றாகவே தெரிகின்றன என்பதைச் செய்தும் காட்டினார்.

இன்னொரு சிக்கல் ஓரம். இத்தலைகளைத் தாளில் மிக நெருக்கமாக அச்சிட்டிருந்தார்கள். அஞ்சலக ஊழியர் கத்தரியால் வெட்டும்போது ஒன்றின் ஓரம் சரியாக வந்தால் அடுத்ததன் உரு வெட்டுப்படும். நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் முழுதாக உள்ள ஷ்ட்ரூபெல், ஒரு பக்கம் உரசியதைப்போல் பல மடங்கு விலை பெறுவது அதனால்தான். முத்திரையைப் பொறுத்தவரை, தொடக்ககாலக் கூட்டாட்சித் தலைகளை அழிக்கப் பயன்பட்ட சாய்சதுரக் கம்பிவலை முத்திரை எங்கும் ஒரே வடிவம் என்பதால் அது ஊரைச் சொல்வதில்லை. ஊரை அறியக் கடிதத்தின் முகத்தில் தனியாகக் குத்திய பெயர் முத்திரையைத்தான் நாட வேண்டும். தலையைத் தனியே பிரித்துக் கழுவிய முந்தைய தலைமுறையினர் எவ்வளவு செய்தியை நீரில் கரைத்துவிட்டார்கள் என்று எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது.

சனி, ஜெனீவா

பாஸ்தியோன் பூங்காவில் சமயச் சீர்திருத்தத்தின் நினைவுச் சுவரில் இருளுக்குப் பின் ஒளி என்னும் இலத்தீன் வாசகம் பெரிய எழுத்துகளில் வெட்டப்பட்டிருக்கிறது. நகரத்தின் இந்த வாசகமே 1843இல் வெளிவந்த ஜெனீவாத் தலையின் சின்னத்திலும், பாதிக் கழுகும் சாவியும் கொண்ட கேடயத்தின் மேலே, கண்ணுக்கு எட்டாத அளவில் பொறித்திருக்கிறது.

இரட்டை ஜெனீவா என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் அந்தத் தலை, அமைப்பால் தனித்து நிற்பது. மஞ்சள் கலந்த பச்சைக் காகிதத்தில் கருப்பு மை. 5 சென்டிம் மதிப்புள்ள இரு பாதிகள் அருகருகே. இரண்டையும் இணைத்து மேலே ஓடும் பட்டையில் 10 சென்டிம் மாநிலக் கட்டணம் என்ற குறிப்பு. நகருக்குள் அனுப்ப ஒரு பாதியை வெட்டி ஒட்டலாம்; மாநிலத்துக்குள் அனுப்ப இரண்டையும் சேர்த்து ஒட்டலாம். தாளைத் தவறான இடத்தில் வெட்டியதால் ஒரு தலையின் வலப்பாதியும் அடுத்த தலையின் இடப்பாதியும் சேர்ந்து வந்தவையும் உண்டு. அவற்றில் மேற்பட்டையின் வாசகம் நடுவில் முறிந்திருக்கும். அவற்றைத் தனியாகத் தேடிச் சேர்க்கிறார்கள். 1845இல் சிறு கழுகும், அடுத்து பெரிய கழுகும், 1848இல் கரும்பச்சைக் காகிதத்தில் பெரிய கழுகும் வந்தன. கழுகின் சிறகு முனையும் வால் இறகும் கேடயத்தின் விளிம்பை எங்கே நெருங்குகின்றன என்று பார்த்தால் சிறிதையும் பெரிதையும் பிரித்துவிடலாம்.

வோ, நியூஷாட்டெல் என்னும் பெயர்களால் அழைக்கப்படும் 1849 முதல் 1851 வரையிலான மூன்று இடைக்காலத் தலைகளும் ஜெனீவா அஞ்சல் வட்டம் வெளியிட்டவையே. பழைய சேகரிப்பாளர்கள் அவற்றை அண்டை மாநிலங்களின் தலைகள் என்று எண்ணிப் பெயரிட்டார்கள். அவை ஒட்டிய கடிதங்களில் ஜெனீவாவின் முத்திரைகளையே மீண்டும் மீண்டும் கண்டபோதுதான் உண்மை தெளிந்தது. பெயர்கள் மட்டும் வழக்கில் நின்றுவிட்டன. 

போலிக்கும் இந்நகரத்துக்கும் உள்ள உறவையும் சொல்லாமல் விட முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரான்சுவா ஃபூர்னியே என்பவர் ஜெனீவாவில் இருந்துகொண்டு, அரிய தலைகளின் நகல்களை விலைப்பட்டியல் அச்சிட்டு வெளிப்படையாகவே விற்றார். வசதியற்ற சேகரிப்பாளரின் வெற்றிடத்தை நிரப்பும் கலைப்பொருள் என்று அவர் கருதினார்; வாங்கியவர்கள் அசல் என்று மறுவிற்பனை செய்தார்கள். 1917இல் அவர் இறந்த பின், எஞ்சிய சரக்கை ஜெனீவா அஞ்சல்தலைச் சங்கம் வாங்கி, போலி என்று குறிப்பிட்டு ஆல்பங்களாகத் தொகுத்து 1928இல் வெளியிட்டது. இன்று போலியை ஒப்பிட்டறிய அந்த ஆல்பங்களே ஆதாரம். நஞ்சையே மருந்தாக்கிய அச்சங்கத்தின் செயலுக்குச் சேகரிப்பாளர் உலகம் என்றும் கடன்பட்டுள்ளது.

சனிக்கிழமைகளில் பிளான்பலே திடலில் பழம்பொருள் சந்தை கூடும். பழைய தாள்கள் விற்கும் ஒரு கடையில், உறையின்றி மடித்து அனுப்பிய வணிகக் கடிதங்களைப் புரட்டினேன். நியோனிலிருந்து ஜெனீவாவுக்கு 1859இல் எழுதிய ஒன்றில் 10 ராப்பன் நீல ஷ்ட்ரூபெல் ஒட்டியிருந்தது. தலை கடிதத்தோடு ஒட்டியிருப்பதால் முதுகைப் பார்க்க வழியில்லை. ஆனால் கத்தரித்த வலது ஓரத்தில் இழையின் நுனி மயிரளவு வெளியே நீட்டியிருந்தது. திடலின் திறந்த வெளிச்சத்தில் அது தெளிவான பச்சை. ஓரத்தில் தெரிந்த காகிதம் தடிமன்; ஹெல்வெடியாவின் விரல்கள் பிரிந்து தெரியவில்லை. பெர்ன் அச்சு, பச்சை இழையின் பிற்கால வரிசை. கடிதத்தின் தேதியும் அதற்கு ஒத்துவருகிறது. மூன்று ஓரம் முழுமை, கீழ் ஓரம் சட்டத்தைத் தொட்டு வெட்டியது. விற்பவர் சொன்ன விலை அந்தக் கீழ் ஓரத்துக்கு ஏற்றதாகவே இருந்ததால் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.